கிணற்று நீரில் எரிபொருள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எரிபொருள் கசிவு நிலத்தடி நீரை எவ்வாறு கெடுக்கிறது என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கிணற்று நீரைப் பரிசோதிப்பது பற்றியே இருந்தன. கையில் கிடைத்த அறிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது என்று தெரியாமல் பல குடும்பங்கள் தவிப்பது அக்கடிதங்களில் தெரிந்தது. ஆகவே இம்மாதப் பக்கங்களை முழுவதும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி (ஓர் ஆசிரியை, மல்லாகம்): எங்கள் வளவுக் கிணற்று நீரை இரண்டு இடங்களில் பரிசோதிக்கக் கொடுத்தோம். எண்ணெய் மற்றும் கிரீஸ் அளவு வரம்பைத் தாண்டியுள்ளது என்று ஓர் அறிக்கை சொல்கிறது. பெட்ரோலியச் சேர்மங்கள் கண்டறியப்படவில்லை என்று மற்றது சொல்கிறது. நாங்கள் எதை நம்புவது?

பதில்: இரண்டு அறிக்கைகளும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். ஏனெனில் அவை வெவ்வேறு பொருள்களைத் தேடியிருக்கின்றன.

எண்ணெய் மற்றும் கிரீஸ் பரிசோதனையில், நீருடன் ஹெக்சேன் என்ற கரைப்பானைச் சேர்த்துக் குலுக்கி, அதில் கரைந்து வருவதைப் பிரித்தெடுத்து, கரைப்பானை ஆவியாக்கிய பின் எஞ்சும் பொருளை நிறுக்கிறார்கள். அந்த எச்சத்தில் உலை எண்ணெய், உயவு எண்ணெய் போன்ற கனமான பெட்ரோலியப் பொருள்கள் இருக்கும். சமையல் எண்ணெயும், சவர்க்காரத்தின் கொழுப்பும், கிணற்றடியில் எண்ணெய் முழுக்கு முடித்துக் குளித்த நீர் மீண்டும் கிணற்றுக்குள் ஊறியிருந்தால் அந்த நல்லெண்ணெயும் கூட அதிலேயே சேர்ந்துவிடும். அதே சமயம், கரைப்பானை ஆவியாக்கும்போது பெட்ரோலில் உள்ள இலகுவான சேர்மங்களும் உடன் பறந்துபோய்விடுகின்றன. எனவே இந்தப் பரிசோதனை கனமான எண்ணெயைக் காட்டும், பென்சீனைக் காட்டாது.

இரண்டாவது அறிக்கை அநேகமாகப் பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகிய நான்கைத் தேடியிருக்கும். ஆய்வகத்தார் இவற்றைச் சேர்த்து ‘பிடெக்ஸ்’ என்பார்கள். பெட்ரோலில் இவை தாராளமாக உள்ளன, டீசலில் குறைவு, மின் நிலையங்களில் எரிக்கப்படும் உலை எண்ணெயிலோ மிகக் குறைவு. ஆகவே உலை எண்ணெயாலோ பழைய உயவு எண்ணெயாலோ மாசுபட்ட கிணற்றில் பென்சீனைத் தேடி, இல்லை என்று அறிவிப்பது தவறான பதிலன்று. ஆனால் அங்கே கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்விக்கு அது பதிலாகாது. மேலும், திறந்த கிணற்றில் பென்சீன் காற்றோடு கலந்து விரைவில் வெளியேறிவிடும். கிணற்றில் அது இல்லை என்பதைக் கொண்டு, கிணற்றைச் சூழ்ந்த சுண்ணாம்புப் பாறையின் நீரிலும் அது இல்லை என்று முடிவு செய்ய முடியாது.

தங்கள் ஊருக்கு அருகே சுன்னாகத்தில் நடந்தது இதற்கு நல்ல சான்று. அங்குள்ள மின் நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் முறையிட்டபோது, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வு எண்ணெய் மற்றும் கிரீஸ் அளவு வரம்பை மீறியிருப்பதைக் காட்டியது. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ ஆபத்தான பெட்ரோலியச் சேர்மங்கள் காணப்படவில்லை என்று கூறியது. இந்த இரண்டு கூற்றுகளுக்கும் நடுவில் நின்ற மக்கள், நீரைக் குடிக்கலாமா கூடாதா என்பதற்குத் தெளிவான ஒரு சொல் கிடைக்காமல் நீண்ட காலம் துன்பப்பட்டார்கள். இறுதியில் 2019 ஏப்ரலில், இலங்கையின் மிக உயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையின்படி தீர்ப்பளித்தது. மின் நிலையத்திலிருந்து 1.5 கிலோமீட்டருக்குள் வசிக்கும் 500 பேர் வரை, கிணற்றைத் துப்புரவு செய்யும் செலவுக்காக ஒவ்வொருவருக்கும் அதிகபட்சம் 40,000 ரூபாய் என்ற கணக்கில், மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் வழங்க வேண்டும் என்று அது உத்தரவிட்டது. தொடக்கத்திலேயே இரு வகைப் பரிசோதனைகளையும் ஒரே கிணறுகளில், ஒரே நாளில் எடுத்த மாதிரிகளில் செய்து, முடிவுகளை அருகருகே வைத்து மக்களுக்கு விளக்கியிருந்தால் அந்தக் குழப்பத்தில் பெரும் பகுதியைத் தவிர்த்திருக்கலாம் என்பது எமது உறுதியான கருத்து.

தாங்கள் அடுத்துச் செய்ய வேண்டியது, சேர்மங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் வாயுநிறப்பகுப்பு முறையில் மொத்தப் பெட்ரோலிய ஐதரோகாபன்களை அளந்து தரும்படி ஆய்வகத்தைக் கேட்பதுதான். கூடவே, அந்தக் கருவி வரையும் வரைபடத்தின் நகலையும் கேளுங்கள். டீசலுக்கும் உலை எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் அந்த வரைபடத்தில் வெவ்வேறு வடிவங்கள் உண்டு. பழகிய கண்ணுக்கு அது கைரேகையைப் போல அடையாளம் காட்டிவிடும். கனமான எண்ணெய் என்று ஐயம் இருந்தால், நாப்தலீன், பென்சோபைரீன் ஆகியவை அடங்கிய பல்வளைய அரோமாட்டிக் சேர்மங்களையும் தேடச் சொல்லுங்கள்.

‘கண்டறியப்படவில்லை’ என்ற சொல்லுக்கு அருகே ஓர் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார அமைப்பு தந்துள்ள வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஆய்வகத்தின் கருவியால் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே எதையும் காண முடியாது என்றால், அங்கே ‘கண்டறியப்படவில்லை’ என்று எழுதியிருப்பதால் தங்கள் குடும்பத்துக்கு எந்தப் பயனும் இல்லை.

கேள்வி (ஒரு குடும்பத் தலைவி, பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை): எங்கள் போர்வெல் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்தால் மறுநாள் மேலே வானவில் நிறத்தில் படலம் படிகிறது. பக்கத்துத் தண்டையார்பேட்டையில் நடந்தது போல இங்கேயும் பெட்ரோல் வந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: தங்கள் அச்சம் நியாயமானது. 2013-இல் தண்டையார்பேட்டையில் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் எரிபொருள் வந்ததும், துறைமுகத்திலிருந்து சேமிப்புக் கிடங்குக்குச் செல்லும் நிலத்தடிக் குழாயின் கசிவே அதற்குக் காரணம் என்று தெரிய வந்ததும், விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றதும் தங்கள் பகுதியினர் மறக்கக்கூடிய நிகழ்வுகள் அல்ல. ஆனால் வானவில் நிறப் படலங்கள் எல்லாமே எண்ணெய் அல்ல.

ஒரு குச்சியால் அந்தப் படலத்தை மெதுவாகக் கிழித்துப் பாருங்கள். அது சில்லுச் சில்லாக உடைந்து, உடைந்த துண்டுகள் தனித்தனியே மிதந்தால், பெரும்பாலும் இரும்புச் சத்தை உண்டு வாழும் பாக்டீரியாக்கள் உண்டாக்கிய படலமாகவே இருக்கும். நீரில் இரும்பு மிகுந்த சென்னைப் பகுதிகளில் இது சாதாரணம். வாளியின் அடியில் செம்மண் நிற வண்டலும் சேரும். கிழித்த இடம் உடனே நெளிந்து மீண்டும் ஒன்றாகக் கூடினால் அது எண்ணெயாக இருக்கலாம். அப்போதும், நீர்மூழ்கி மோட்டாருக்குள் உள்ள எண்ணெய் கசிகிறதா என்பதை முதலில் ஒரு மெக்கானிக்கைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள்.

மூக்கை மட்டும் நம்ப வேண்டாம் என்பதையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். நீரில் பென்சீனின் வாசனை தெரிய லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் இருக்க வேண்டும். அது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவைப் போல ஆயிரம் மடங்கு. பெட்ரோலில் உள்ள மற்ற சில சேர்மங்களின் வாசனை அதைவிடக் குறைந்த அளவிலேயே தெரியும். ஆகவே வாசனை வந்தால் அந்த நீரைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்திவிடுங்கள். வாசனை இல்லை என்பதற்காக நீர் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். மோட்டார் அறையிலோ குளியலறையிலோ பெட்ரோல் நெடி வந்தால் அங்கே தீக்குச்சி கிழிக்காமல், மின் விசையைத் தொடாமல் வெளியே வந்து, தீயணைப்புத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தகவல் தெரிவிக்க வேண்டும்.

கேள்வி (ஒரு முதுகலை மாணவர், திருச்சி): ஆய்வேட்டுக்காக ஒரு பழைய எரிபொருள் கிடங்கின் அருகே கண்காணிப்புக் கிணறுகளில் மாதிரி எடுக்கிறேன். கிணற்று நீரின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு இறைத்துவிட்டு எடுக்க வேண்டும் என்று ஒருவரும், இறைக்கவே கூடாது, மெதுவாக எடுக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்கிறார்கள். மாதிரி எடுக்கும் முறையை முழுமையாக விளக்க முடியுமா?

பதில்: தங்கள் கேள்வியை மகிழ்ச்சியுடன் வரவேற்கிறோம். ஆய்வகத்தின் விலையுயர்ந்த கருவிகளைப் பற்றிப் பேசுவோர் பலர். புட்டி நிரம்பும் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அங்கே கெட்டுப்போன மாதிரியை எந்தக் கருவியாலும் திருத்த முடியாது.

கண்காணிப்புக் கிணறு என்பது நிலத்தடி நீரைச் சோதிப்பதற்கென்றே இறக்கிய குழாய். அக்குழாய்க்குள் பல நாள் தேங்கிய நீர் சுற்றியுள்ள நிலத்தடி நீரைப் பிரதிநிதித்துவம் செய்யாது என்பதே இறைத்தலுக்குக் காரணம். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 8 லிட்டர் நீர் இருக்கும். நீர்த்தூண் 5 மீட்டர் என்றால் கொள்ளளவு 40 லிட்டர், மூன்று மடங்கு 120 லிட்டர். இதை இறைப்பது கடினமன்று. ஆனால் 15 சென்டிமீட்டர் விட்டமும் 60 மீட்டர் நீர்த்தூணும் உள்ள வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் இதே கணக்கு 3,000 லிட்டரைத் தாண்டும். மேலும், வேகமாக இறைத்தால் நீர்மட்டம் சரிந்து, உள்ளே சரசரவென்று விழும் நீர் காற்றோடு கலந்து பென்சீனை இழக்கும். அடியில் உள்ள வண்டலும் கலங்கி மேலே வரும்.

இதனால்தான் மெதுவாக இறைக்கும் முறை இப்போது விரும்பப்படுகிறது. நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லிலிட்டர் வரை, நீர்மட்டம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டருக்கு மேல் இறங்காதபடி, வடிகண் பகுதியின் (நீர் உள்ளே வருவதற்காகக் குழாயில் துளையிட்ட பகுதி) நடுவிலிருந்து நீரை எடுக்க வேண்டும். சில நிமிட இடைவெளியில் பி.எச்., மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன், கலங்கல் ஆகியவற்றை அளந்துகொண்டே வந்து, அடுத்தடுத்த மூன்று அளவீடுகள் ஒத்துப்போன பிறகே புட்டியை நிரப்ப வேண்டும். பி.எச். 0.1-க்குள்ளும் மின்கடத்துதிறன் 3 விழுக்காட்டுக்குள்ளும் நிலைத்தால் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. தங்கள் கண்காணிப்புக் கிணறுகளுக்கு இம்முறையே பொருந்தும். கிணறு மிக மெதுவாக ஊறும் பாறையில் இருந்தால், நீரை ஒருமுறை வற்ற இறைத்துவிட்டு, ஊறியதும் எடுப்பதைத் தவிர வழியில்லை. அதை அறிக்கையில் எழுதிவிட வேண்டும்.

எதையும் இறைக்கும் முன், எண்ணெய்க்கும் நீருக்கும் வெவ்வேறு ஒலி எழுப்பும் இடைமுகமானியை மெதுவாக இறக்கி, நீரின் மேல் எண்ணெய் மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்ரோலும் டீசலும் நீரைவிட இலேசானவை, ஆகவே மிதக்கும். மிதக்கும் எண்ணெய் இருக்கும் கிணற்றில் கரைந்த மாசுக்கென்று மாதிரி எடுப்பதில் பொருளில்லை. எண்ணெயின் தடிப்பைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணெயையே மாதிரியாக எடுக்கலாம். அந்தக் கிணற்றின் நீர்மட்டத்தையும் திருத்த வேண்டும். அரை மீட்டர் தடிப்புள்ள, 0.84 அடர்த்தியுள்ள டீசல் மிதந்தால், அளந்த நீர்மட்டத்தின் உயரத்துடன் 0.42 மீட்டர் கூட்டினால்தான் உண்மையான மட்டம் கிடைக்கும். இத்திருத்தத்தை மறந்தால், நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்ற முடிவே மாறிவிடக்கூடும்.

கிணறுகளின் வரிசையில் தூய்மையானதில் தொடங்கி மாசு மிகுந்ததில் முடியுங்கள். ஒவ்வொரு கிணற்றுக்கும் புதிய நைட்ரில் கையுறையும் புதிய குழலும் வேண்டும். புட்டிகளில் ஆவியாகும் சேர்மங்களுக்கானதை முதலில் நிரப்ப வேண்டும். அதற்கு 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பிகள் உள்ளன. ஐதரோகுளோரிக் அமிலம் ஏற்கெனவே இடப்பட்டிருக்கும் அவற்றை வழிந்தோட விடாமல் விளிம்பு உயர நிரப்பி, மூடியபின் தலைகீழாகத் திருப்பித் தட்டிப் பாருங்கள். ஒரு காற்றுக்குமிழி தெரிந்தாலும் அந்தக் குப்பியை ஒதுக்கிவிட்டு வேறொன்றை நிரப்புங்கள். அமிலம் இட்டுப் பனிக்கட்டியில் 4 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்த மாதிரியை 14 நாட்களுக்குள் பரிசோதிக்கலாம்; அமிலம் இல்லையென்றால் 7 நாட்கள்தான். நம் ஊர் வெயிலில் பேருந்தின் மேல் ஏற்றி அனுப்பிய குப்பியின் முடிவை யாரும் நம்பக் கூடாது.

எண்ணெய் மற்றும் கிரீஸுக்கான ஒரு லிட்டர் கண்ணாடிப் புட்டிக்கு விதி நேர்மாறானது. அதை விளிம்புவரை நிரப்பக் கூடாது. மாதிரி நீரால் முன்கூட்டிக் கழுவவும் கூடாது. எண்ணெய் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், கழுவிக் கொட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு பகுதி எண்ணெய் புட்டியில் கூடுதலாகத் தங்கிவிடும். பிளாஸ்டிக் புட்டியை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

சான்று மாதிரிகள் இல்லாத ஆய்வேட்டை நல்ல தேர்வாளர் ஏற்க மாட்டார். ஆய்வகத்திலேயே தூய நீரால் நிரப்பப்பட்டு, பெட்டியோடு களத்துக்கு வந்து, திறக்கப்படாமலே திரும்பிச் செல்லும் குப்பி ஒன்று வேண்டும். அதில் பென்சீன் தென்பட்டால், வழியில் எங்கோ மாசு சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பத்து மாதிரிகளுக்கு ஒன்றை இரட்டையாக எடுத்து, எது எதன் இரட்டை என்பதைச் சொல்லாமல் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் ஊற்றிய கையோடு குப்பியைத் தொடுவதும், ஜெனரேட்டரின் புகை வரும் பக்கத்தில் நின்று மாதிரி எடுப்பதும் அடிக்கடி நடக்கின்றன. ஜெனரேட்டரைக் காற்று வீசிச் செல்லும் பக்கத்தில் தொலைவாக நிறுத்தி, அதற்கு எண்ணெய் ஊற்றும் பணியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

கேள்வி (ஒரு விவசாயி, திருநெல்வேலி மாவட்டம்): எங்கள் தோட்டத்தை ஒட்டிப் புதிதாகப் பெட்ரோல் பங்க் வருகிறது. கண்காணிப்புக் கிணறு வைப்பதாகச் சொல்கிறார்கள். ஒன்று போதுமா?

பதில்: போதாது. ஒரு கிணறு நீர்மட்டத்தின் ஆழத்தைச் சொல்லுமே தவிர, நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைச் சொல்லாது. அதை அறிய, ஒரே கோட்டில் அமையாமல் முக்கோணமாக மூன்று கிணறுகளாவது வேண்டும். அவற்றின் வாய் விளிம்பு உயரங்களை மட்டக்கருவியால் துல்லியமாக அளந்திருக்கவும் வேண்டும். அவற்றுள் ஒன்று, நீர் வரும் பக்கத்தில், தொட்டிகளுக்கு மேலே இருக்க வேண்டும். பின்னாளில் மாசு தெரிந்தால், அது வேறெங்கிருந்தோ வந்தது என்று யாரும் வாதிடாமல் இருக்க அந்தக் கிணறே சாட்சி.

கிணற்றின் வடிகண் பகுதி எங்கே தொடங்குகிறது என்று கேளுங்கள். எரிபொருள் நீர்மட்டத்தின் மேல் மிதப்பதால், வடிகண் கோடைக்கால நீர்மட்டத்துக்குக் கீழிருந்து மழைக்கால நீர்மட்டத்துக்கு மேல்வரை நீண்டிருக்க வேண்டும். நீர்மட்டத்துக்கு வெகு கீழே வடிகண் வைத்த கிணற்றில், மேலே ஒரு முழம் பெட்ரோல் நின்றாலும் தெரியாது. குழாய்த் துண்டுகளைப் பசையால் ஒட்டாமல் மரையிட்டு இணைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அந்தப் பசையின் கரைப்பான்களே பரிசோதனையைக் குழப்பும்.

பங்க் திறக்கப்படும் முன்பே, தங்கள் தோட்டக் கிணற்று நீரைத் தங்கள் செலவிலாவது ஒருமுறை பரிசோதித்து, அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னர் நீர் நன்றாக இருந்தது என்பதற்கு, பின்னர் வேறெந்த வழியிலும் சான்று கிடைக்காது.

கண்காணிப்புக் கிணறுகளை மட்டும் நம்பிவிடவும் கூடாது. ஹவாய் மாநிலத்தின் ஓஹு தீவில் அமெரிக்கக் கடற்படையின் ரெட் ஹில் எரிபொருள் கிடங்கில் 2014-இல் ஒரு பெருங்கசிவு நிகழ்ந்ததால், சுற்றியுள்ள கிணறுகளில் தொடர்ந்து மாதிரி எடுத்துவந்தார்கள். ஆயினும் 2021 நவம்பரில், தீயணைப்பு அமைப்பின் வடிகுழாய் உடைந்து சுரங்கப்பாதைக்குள் கொட்டிய விமான எரிபொருள், அருகிலிருந்த குடிநீர்க் கிணற்றைச் சென்றடைந்தது. குழாய் நீரில் எரிபொருள் நெடி வருவதை வீடுகளில் இருந்தவர்களே முதலில் உரத்துச் சொன்னார்கள். எதிர்பார்த்த வழியில் வரும் மாசையே கண்காணிப்புக் கிணறு காட்டும். ஆகவே தொட்டியில் உள்ள எரிபொருளின் அன்றாட இருப்புக் கணக்கைச் சரிபார்க்கிறார்களா, குழாய் இணைப்புகளைச் சோதிக்கிறார்களா என்பதையும் ஊராட்சி மூலம் கேட்கும் உரிமையை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (ஒரு வாசகர், கோயம்புத்தூர்): லேசாக டீசல் வாசனை வரும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா? ஆர்.ஓ. இயந்திரம் போதுமா?

பதில்: கொதிக்க வைக்க வேண்டாம். ஆவியாகும் சேர்மங்கள் சமையலறைக் காற்றில் கலந்து தங்கள் நுரையீரலுக்குள் செல்லும். கனமான எண்ணெய் பாத்திரத்திலேயே தங்கும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் உப்பை நீக்குவதற்கென்று செய்யப்பட்டது. அதிலுள்ள கரிவடிகட்டி பென்சீனை ஓரளவு பிடித்துவைக்கும் என்றாலும், அது எப்போது நிறைந்துபோகிறது என்பது வீட்டிலிருப்போருக்குத் தெரியாது. அந்த நீரால் வெந்நீர்க் குளியலும் கூடாது. பரிசோதனை முடியும்வரை வேறு நீரைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி (ஓர் இளைஞர், மானிப்பாய்): மாரிக்காலத்தில் கிணற்றில் எண்ணெய் தெரிவதில்லை. கோடையில் மறுபடி தெரிகிறது. மழை அதைக் கழுவிவிடுகிறது என்று பெரியவர்கள் சொல்வது சரியா?

பதில்: சரியன்று. நீர்மட்டம் இறங்கும்போது எண்ணெயும் அதனுடன் இறங்கி, வழியெல்லாம் மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும் ஒட்டிக்கொள்கிறது. வடகீழ்ப் பருவமழையில் நீர்மட்டம் உயரும்போது, ஒட்டியிருந்த எண்ணெயில் ஒரு பகுதி நீருக்கடியில் சிறைப்படுகிறது. கிணற்றில் அது தெரியாவிட்டாலும் நீரில் கரைந்துகொண்டேதான் இருக்கும். கோடையில் மட்டம் மீண்டும் இறங்க, அந்த எண்ணெய் விடுபட்டுக் கிணற்றுக்குள் வருகிறது. சில இடங்களில் இதற்கு மாறாக, உயரும் நீர் பழைய எண்ணெயைத் தொட்டு, முதல் மழைக்குப் பின் கரைந்த மாசு திடீரெனக் கூடுவதும் உண்டு. எனவே மாரிக்காலத்தில் மட்டும் எடுத்த மாதிரியைக் கொண்டு கிணறு தேறிவிட்டது என்று அறிவிப்பது நேர்மையன்று. புரட்டாதியில் நீர்மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும்போது ஒருமுறையும், தை மாதத்தில் மட்டம் உயர்ந்திருக்கும்போது ஒருமுறையும் கட்டாயம் எடுக்க வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே நீர் மணலில் ஊர்வது போல ஒரே சீராக நகர்வதில்லை. சுண்ணாம்புப் பாறை கரைந்து உண்டான குகைகளிலும் வெடிப்புகளிலும் ஓடுகிறது. குடாநாட்டில் சுண்ணாம்புப் பாறையில் இயற்கையாக அமைந்த நிலாவரைக் கிணற்றை அறிந்தோருக்கு இது விளங்கும். ஆகவே எண்ணெய்க் கிடங்குக்கு அண்மையில் உள்ள கிணறு தப்பித்து, தொலைவில் உள்ள கிணறு மாசுபடக்கூடும். பக்கத்து வீட்டுக் கிணறு நன்றாக இருக்கிறது என்பதைத் தங்கள் கிணற்றுக்குச் சான்றாகக் கொள்ளாமல், ஒவ்வொரு கிணற்றையும் தனித்தே பார்க்க வேண்டும்.

திறந்த கிணற்றில் மாதிரி எடுக்க வருவோர் வாளியை இறக்கி மொண்டால் தடுத்துக் கேளுங்கள். வாளி மேற்பரப்பைக் கலக்கிவிடும். கயிற்றிலும் வாளியிலும் பழைய எண்ணெய் ஒட்டியிருக்கலாம். எடை கட்டிய மூடிய புட்டியை இறக்கி, தேவையான ஆழத்தில் மூடியைத் திறந்து நிரப்ப வேண்டும்; மேற்பரப்புப் படலத்தைத் தனியே, தனிப் புட்டியில் எடுக்க வேண்டும்.

கேள்வி (ஓய்வுபெற்ற அரசு ஊழியர், தஞ்சாவூர்): கசிவு நின்று, மண்ணையும் அகற்றிவிட்டால், எத்தனை காலம் கண்காணிக்க வேண்டும்? இயற்கையே சுத்தம் செய்துவிடும் என்கிறார்களே?

பதில்: அது வீண் பேச்சன்று. மண்ணிலும் நீரிலும் வாழும் நுண்ணுயிர்கள் பெட்ரோலியச் சேர்மங்களை உண்கின்றன. முதலில் நீரில் கரைந்த ஆக்சிஜனையும், அது தீர்ந்தபின் நைட்ரேட், இரும்பு, சல்பேட் ஆகியவற்றையும் துணைக்கொண்டு அவை அச்சேர்மங்களைச் சிதைக்கின்றன. எனவே, மாசுபட்ட கிணற்றில் ஆக்சிஜனும் நைட்ரேட்டும் சல்பேட்டும் சுற்றுப்புறத்தைவிடக் குறைந்து, கரைந்த இரும்பும் மீத்தேனும் கூடியிருந்தால், சிதைவு உண்மையாகவே நடக்கிறது என்று சொல்லலாம். இவற்றை அளக்காமல், இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று யாராவது கூறினால், அது செலவைத் தவிர்க்கச் சொல்லும் சொல்லாகவே எமக்குப் படுகிறது. ஆக்சிஜன் தீர்ந்துபோன நீரில் பென்சீன் மிக மெதுவாகவே சிதையும். பெட்ரோலில் சேர்க்கப்படும் எம்.டி.பி.இ. என்ற பொருளோ நீரில் எளிதில் கரைந்து, மண்ணில் ஒட்டாமல், பென்சீனைவிட வெகு தூரம் செல்லும். அதையும் தேடாத அறிக்கை முழுமையானதன்று.

கால அளவைப் பொறுத்தவரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாகக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து எடுத்தால் எட்டு முடிவுகள் கிடைக்கும். அதற்குக் குறைவாக இருந்தால் பருவகால ஏற்ற இறக்கத்தையும் உண்மையான குறைவையும் பிரித்தறிய முடியாது. ஓரிரு நல்ல முடிவுகளைக் காட்டிக் கண்காணிப்பை நிறுத்த முயன்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எல்லாக் கிணறுகளிலும் அளவு தொடர்ந்து இறங்க வேண்டும். வெளி எல்லையில் உள்ள கிணற்றில் மாசு ஒருமுறைகூடத் தென்படாமல் இருக்க வேண்டும். மிதக்கும் எண்ணெய் எந்தக் கிணற்றிலும் இருக்கக் கூடாது. மாசை நீக்கும் இயந்திரங்கள் அங்கே இயங்கியிருந்தால், அவற்றை நிறுத்திய பின்னும் சில சுற்றுகள் எடுக்க வேண்டும். இறைப்பை நிறுத்தியதும் பாறைக்குள் எஞ்சியிருந்த மாசு கரைந்து அளவு மீண்டும் ஏறுவது பல இடங்களில் நடந்திருக்கிறது.

இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, தாது எண்ணெய்க்கு, அதாவது பெட்ரோலிய வகை எண்ணெய்க்கு, லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்ற வரம்பை வைத்திருக்கிறது. தளர்வு எதையும் அது அனுமதிப்பதில்லை. அறிக்கையில் அந்த எண்ணோடு, மாதிரி எடுத்த நாளும் நேரமும், அன்றைய நீர்மட்டமும், எடுத்தவர் முதல் ஆய்வகத்தில் பெற்றுக்கொண்டவர் வரை ஒவ்வொருவரின் கையொப்பமும் இருக்கின்றனவா என்று தங்களைப் போல அலுவலகக் கோப்புகளைப் படித்துப் பழகியவர்கள் ஊருக்காகப் பார்த்துச் சொல்ல முடியும். கிணறுகளின் வரைபடத்தையும் ஒவ்வொரு சுற்றின் அறிக்கையையும் ஒரே கோப்பில் சேர்த்து ஊராட்சி அலுவலகத்தில் வைக்கும்படி எழுத்துமூலம் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் விண்ணப்பிக்கலாம்.